ஜும்ஆ உரை: தலைவரின் சொந்த வாழ்க்கையும் நமது வாக்கும்

அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் சொல்லி ஆரம்பிக்கிறேன்.



தேர்தல் நெருங்கிவிட்டால் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறோம். ஒருவர் சொல்வார்: "அவர் வீட்டில் எப்படி இருந்தால் நமக்கென்ன? ரோடு போட்டாரா, தண்ணீர் வருகிறதா, அதைப் பாருங்கள்." இன்னொருவர் உடனே செல்போனை எடுத்து, யார் எடுத்தது என்றே தெரியாத ஒரு வீடியோவைக் காட்டி, "இவருடைய யோக்கியதையைப் பாருங்கள்" என்பார். முதலாமவர் ஒழுக்கத்தையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். இரண்டாமவர் ஒழுக்கத்தின் பெயரைச் சொல்லி, மார்க்கம் தடுத்ததைச் செய்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவே மார்க்கம் காட்டும் வழி என்ன என்பதை இன்று பார்ப்போம்.

வாக்கு ஒரு சாட்சியம்

முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் வாக்களிப்பதை மூன்று கோணங்களில் விளக்கினார்கள்: அது சாட்சியம், பரிந்துரை, வகாலத். அதாவது, "இவர் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர்" என்று நாம் சாட்சி சொல்கிறோம். அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 58-வது வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அப்படியானால் யார் உரியவர்?

மத்யனில் மூஸா (அலை) அவர்களைப் பற்றி ஒரு பெண் தன் தந்தையிடம் பேசியதை அல்கஸஸ் அத்தியாயம் 26-வது வசனம் கூறுகிறது. வேலைக்கு அமர்த்தச் சிறந்தவர் வலிமையும் நம்பகத்தன்மையும் உள்ளவரே என்றார் அந்தப் பெண். திறமை, அமானத் இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

இது முஸ்லிம் வேட்பாளருக்கு மட்டும் உரிய அளவுகோல் என்று நினைக்காதீர்கள். ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியாக அமர்த்திய அப்துல்லாஹ் இப்னு உரைகித், அப்போது குறைஷிகளின் மார்க்கத்தில் இருந்தவர். பாதை தெரிந்தவர், நம்பிக்கைக்குரியவர். தம் உயிரையும் தோழரின் உயிரையும் பணயம் வைத்த பயணத்தில் நபியவர்கள் அவரை நம்பினார்கள்.

யூசுஃப் (அலை) ஏன் சிறையிலேயே நின்றார்கள்?

எகிப்தின் அரசர் யூசுஃப் (அலை) அவர்களை அழைத்துவர ஆள் அனுப்புகிறார். பல வருடச் சிறைவாசம் முடியப்போகிறது. ஆனால் அவர்கள் உடனே வெளியே வரவில்லை. கைகளை வெட்டிக்கொண்ட அந்தப் பெண்களின் விஷயம் என்னவென்று விசாரிக்கும்படி தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். விசாரணை நடந்தது. அந்தப் பெண்கள், அவரிடம் எந்தத் தீமையையும் நாங்கள் அறியவில்லை என்றார்கள். அஜீஸின் மனைவி உண்மையை ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அரசவை, அதற்குப் பிறகுதான் களஞ்சியப் பொறுப்பு.

யோசித்துப் பாருங்கள். அது ஒரு வீட்டுக்குள், மூடிய கதவுக்குள் எழுந்த குற்றச்சாட்டு. "அது என் சொந்த விஷயம், எனக்குக் கனவு விளக்கமும் நிர்வாகமும் தெரியும், அது போதாதா?" என்று அவர்கள் கேட்கவில்லை. மறைவில் எஜமானருக்குத் துரோகம் செய்யாதவர் என்பது தெளிவாக வேண்டும் என்பதே நோக்கம் என்று முஃபஸ்ஸிர்கள் பலர் விளக்குகிறார்கள். மறைவில் துரோகம் செய்பவனிடம் பஞ்ச காலத்துத் தானியத்தை யார் ஒப்படைப்பார்?

ஒழுக்கம் மட்டும் இருந்தால் போதுமா?

போதாது. அபூதர் (ரலி) அவர்களின் பேணுதலில் யாருக்குச் சந்தேகம் வரும்? அவர்கள் ஒரு பொறுப்பைக் கேட்டபோது, நீங்கள் பலவீனமானவர், இது அமானிதம், உரிய முறையில் நிறைவேற்றாதவருக்கு மறுமையில் இழிவும் கைசேதமும் ஆகும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் வரும் செய்தி இது.

போருக்குத் தலைமை தாங்க, வலிமையுள்ள பாவியா, பலவீனமான நல்லவரா என்று இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டது. வலிமையுள்ளவரையே தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய பாவம் அவர் தலையில், அவருடைய வலிமையோ மக்களுக்குப் பயன் என்றார்கள். இதை எடுத்துக்காட்டும் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள், பொருளைப் பாதுகாக்கும் பொறுப்பு என்றால் அமானத் உள்ளவரையே முற்படுத்த வேண்டும் என்கிறார்கள். ஆக, எந்தக் குறை எந்தப் பொறுப்பைக் கெடுக்கும் என்று பார்க்க வேண்டும். பொதுப்பணத்தைக் கையாளப்போகிறவர் கடன் வாங்கினால் திருப்பித் தருவாரா, கூலியை நேரத்தில் கொடுப்பாரா, தங்கையின் வாரிசுப் பங்கைக் கொடுத்தாரா என்பதெல்லாம் நமக்குத் தேவையான கேள்விகளே.

தேடித் திரியவும் கூடாது

அதே நேரத்தில் அல்ஹுஜுராத் 12-வது வசனம் சந்தேகத்தையும் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. கற்புள்ள பெண் மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்கு 80 கசையடி என்கிறது அந்நூர் அத்தியாயம். ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளம்பியபோது, அதை உருவாக்கியவர்களை மட்டுமல்ல, வாய்க்கு வாய் பரப்பியவர்களையும் அல்லாஹ் கண்டித்தான். இன்று ஃபார்வர்டு செய்யும் நமது விரலுக்கும் அந்த வசனங்கள் பொருந்தும். அரசியலுக்கு வரும் பெண்களைப் பற்றி எவ்வளவு எளிதாக எழுதிவிடுகிறார்கள்!

ஆனால் ஒரு குறை ஏற்கெனவே தெரிந்திருந்து, அதைச் சொல்லாவிட்டால் ஒருவர் ஏமாறுவார் என்றால்? ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை இருவர் பெண் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார். முஆவியா பொருளில்லாதவர், அபூ ஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்று நபியவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். தேவையான அளவு மட்டும் சொன்னார்கள். தேர்ந்தெடுப்பவருக்குத் தெரிய வேண்டியதைச் சொல்வது நஸீஹத். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் புறம் பேசுதலுக்கு அனுமதியுள்ள ஆறு இடங்களில் இதையும் குறிப்பிடுகிறார்கள்.

பாவமும் பொய்ச் சத்தியமும்

1998-ல் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளை மாளிகையில் பயிற்சிப் பணியாளராக இருந்த ஒரு இளம் பெண்ணுடனான உறவை ஜனவரியில் மறுத்தார், ஆகஸ்டில் ஒப்புக்கொண்டார். டிசம்பரில் பிரதிநிதிகள் சபை அவர் மீது சுமத்திய குற்றங்கள் பொய்ச் சத்தியமும் நீதிக்கு இடையூறும். 1999 பிப்ரவரியில் செனட் அவரை விடுவித்தது. பலர் அதைச் சொந்த விஷயம் என்றார்கள். ஆனால் நாட்டின் தலைவர், தம் கீழ் பணிபுரிந்த இளம் பெண், பொய்யான மறுப்பு என்று வந்த பிறகு அது படுக்கையறையோடு முடிந்த விஷயமா?

நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் 2002, 2003 தீர்ப்புகளில் வேட்பாளரின் குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்றது. அந்தப் பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. வதந்தியைத் தேடும் நேரத்தில் பாதியை அதைப் படிக்கச் செலவிட்டோமா?

நான்கு கேள்விகள்

ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது உறுதியான செய்தியா, வதந்தியா? இதில் மனைவி, தொழிலாளி, அண்டை வீட்டார் என யாருடைய உரிமையாவது பறிபோனதா? அவர் கேட்கும் பொறுப்பை இந்தக் குறை கெடுக்குமா? தவறு செய்தவர் திருந்தினாரா, அல்லது பொய்யால் மூடுகிறாரா? உண்மையாகத் திருந்தியவரின் பழைய பாவத்தைத் தோண்டி எடுக்க நமக்கு உரிமை இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி நமக்கு. இரவில் கதவைத் தட்டி நீட்டப்படும் கவரை வாங்கிக்கொண்டு, காலையில் தலைவரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினால், நமது சாட்சியத்தின் மதிப்பு என்ன? அந்தக் கவரும் நமது சொந்த விஷயம்தானே என்று அல்லாஹ்விடம் சொல்ல முடியுமா?

யா அல்லாஹ்! நாங்கள் சொல்லும் சாட்சியத்தில் எங்களை உண்மையாளர்களாக ஆக்குவாயாக. பிறர் மானத்தை எங்கள் நாவிலிருந்து பாதுகாப்பாயாக. அமானத்தை நிறைவேற்றும் தலைவர்களை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.