'வழக்கமாக' என்னும் சொல்

வழக்கு, வழக்கம் என்பன இரண்டும் 'வழங்கு' என்னும் வினையடியாகப் பிறந்தவை. வழக்கு என்பது இலக்கண நூலாரிடத்துச் செய்யுளோடு இணைத்தெண்ணப்படும் உலகோர் பேச்சு. நீதிமன்றத்திலோ அதுவே வாதி பிரதிவாதிகளின் விவகாரம். வழக்கம் என்பது பன்முறை நிகழ்ந்து நிலைபெற்ற ஒழுகலாறு. அதனோடு 'ஆக' என்பது சேர்ந்து, 'வழக்கமாக' என வினைக்கு அடையாய் நிற்கும். எளிய சொல்லே. எனினும் அரசியலையும் பொருளியலையும் பற்றிய வாக்கியங்களில் இதனை ஆளும்போது நாம் அறியாமலே ஒரு பிழைக்கு இடங்கொடுத்துவிடுகின்றோம். அஃது இன்னதெனக் காட்டுதலே ஈண்டு எம் கருத்து.

முதற்கண் பிழையற்ற இடமொன்றைக் காண்போம். "குற்றாலத்தில் வழக்கமாக ஆனித் திங்களில் சாரல் தொடங்கும்." செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடரில் ஒரு கணவாய் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று அவ்வழியே புகுந்து குற்றாலத்திலும் தென்காசியிலும் நுண்டுளி தூவுகின்றது. சிற்றாறு பெருகி அருவியாய் வீழ்கின்றது. இவ்வாக்கியத்தின் எழுவாய் சாரல். அதற்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. 'தொடங்கும்' என்னும் முற்றும் கருதத்தக்கது. முக்காலத்தும் ஒரு தன்மையாய் நிகழ்வதனைச் 'செய்யும்' என்னும் வாய்பாட்டாற் கூறுதல் தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் மரபு. அத்தகைய முற்றோடு 'வழக்கமாக' என்பது நன்கு இயையும். ஆயினும், 'வழக்கமாக' என்பதற்குத் 'தப்பாமல்' என்று பொருள் கொள்ளலாகாது. சாரற் காலம் பிறவாத 2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் எதிர்பாராது பாய்ந்த வெள்ளம் பதினேழு அகவை இளைஞன் ஒருவனை வாரிச் சென்றது.

'வழக்கம்போல்' என்பது இதனின் வேறு. அஃது ஒருமுறை நிகழ்ந்ததனை முன் நிகழ்ந்தவற்றோடு ஒப்பிடுவது. "தேர்தலில் வழக்கம்போல் வாக்குறுதிகள் வழங்கப்பட்டன" என்னும்போது கூறுவோனின் எள்ளலும் உடன் வந்துவிடுகின்றது. "வழக்கமாக வழங்கப்படும்" என்றாலோ எள்ளல் மறைந்து செய்தி மட்டும் எஞ்சும். இவ்வேறுபாட்டை அறியாது எழுதுவோர் பலர்.

இனிப் பொருளியலுக்கு வருவோம். "சாரற் காலத்தில் குற்றாலத்து அறைவாடகை வழக்கமாக உயரும்." முன்னைய வாக்கியத்தின் அச்சிலேயே இதுவும் வார்க்கப்பட்டுள்ளது. சாரல் தொடங்கும், வாடகை உயரும். ஆனால், வாடகை தானே உயர்வதுண்டோ? உயர்த்துவார் உளர். 'உயரும்' என்பது தன்வினை. 'உயர்த்துவர்' என்பது பிறவினை. தன்வினையோடு 'வழக்கமாக' என்பதைச் சேர்த்தவுடன் உயர்த்தினவர் மறைந்து, வாடகையும் மழையைப்போல் வானத்தினின்று வருவதாயிற்று. "அறுவடை முடிந்தபின் கூலி வழக்கமாகக் குறையும்" என்பதும் அவ்வாறே. குறைத்தவர் ஒருவர், குறையப் பெற்றவர் மற்றொருவர். வாக்கியத்தில் இருவரும் இல்லை.

இச்சொல்லின் உடன்பிறப்பு ஒன்றும் நம் நாட்டில் உலவுகின்றது. 'மாமூல்' என்பது அரபு மொழியினின்று போந்த சொல். அதற்கும் வழக்கம் என்பதே பொருள். வருவாய்த்துறைக் கணக்குகளில் மாசின்றி வழங்கிய அச்சொல், இன்று தெருவிற் கையூட்டுக்குப் பெயராய்விட்டது. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தனர். இம் மாமூலை எவ்வகையிற் சேர்ப்பது என்று யாம் பலகால் எண்ணியதுண்டு. கொடுப்போர்க்கும் வாங்குவோர்க்கும் மட்டும் விளங்குதலின் குழூஉக்குறி எனலாம். கூறத்தகாததை மறைத்துக் கூறுதலின் இடக்கரடக்கல் எனினும் இழுக்கில்லை.

மற்றொரு சான்று. இந்திய அரசின் வரவுசெலவுத் திட்டம் வழக்கமாகப் பிப்ரவரித் திங்களின் கடைசி வேலைநாளில் மாலை 5 மணிக்குப் படிக்கப்பட்டு வந்தது. அஃது ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து ஏற்பாடு. இலண்டன் மாநகரின் நேரத்திற்கு இயைய அமைந்தது என்பர். ஆட்சி மாறியும் நேரம் மாறவில்லை. 1999-இல் யஷ்வந்த் சின்கா அதனைக் காலை 11 மணிக்கு மாற்றினார். 2017-இல் நாளும் பிப்ரவரி முதல் தேதிக்கு மாறிற்று. 1924 முதல் தனித்து வந்த இரயில்வே வரவுசெலவுத் திட்டமும் அவ்வாண்டே பொதுத் திட்டத்தோடு இணைந்தது. விடுதலை பெற்று ஐம்பதாண்டுகளாகியும் ஒருவரும் மாற்றாதிருந்ததற்குக் காரணம், 'வழக்கமாக' என்பதோடு நின்று 'யாருக்கு வழக்கம்?' என வினவாமையே எனத் தோன்றுகின்றது.

இவ் வினாவினை எழுப்புதற்கு நம் இலக்கணமே வழி வைத்துள்ளது. நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' என்பதனைச் சேர்த்து, 'இன்னாருக்கு வழக்கம்' என வாக்கியத்தை மாற்றிப் பார்த்தல் வேண்டும். பண்டிகைதோறும் சிறையாளி ஒருவனை விடுவித்த செய்தியைக் கூறும் மத்தேயு, தமிழ் வேதாகமத்தில் அதனைத் தேசாதிபதிக்கு உரிய வழக்கமாகவே குறிக்கின்றார். யூதர்க்கு வழக்கம் என்றிலர். 'வழக்கமாக விடுவிக்கப்படுவான்' என உரியாரை மறைத்தும் கூறிற்றிலர். அவ்வொரு வேற்றுமையுருபினால் பிலாத்து தன் பொறுப்பினின்று நழுவ இயலாதவனாகின்றான். அவன் கை கழுவியது பின்னர்.

அரசியலில் இதன் இன்றியமையாமையைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டா. தென்காசியினின்று சில கல் மேற்கே செங்கோட்டைக்குச் சென்றாற் போதும். செங்கோட்டை முன்னாளில் திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்றே சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்திற்கு உட்பட்டிருந்தன. "தாழ்த்தப்பட்டோர் வழக்கமாகக் கோயிலுட் புகார்" என்னும் வாக்கியம் எல்லையின் இருபுறத்தும் ஒருகாலத்தில் ஒலித்தது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள், தம் அரசின் ஆட்சிக்குட்பட்ட கோயில்களை இந்துக்கள் அனைவர்க்கும் திறந்துவிட்டார். ஒரே நாளில் அப்புறத்து வாக்கியம் பொய்த்தது. இப்புறத்திலோ அது நின்றது. சென்னை மாகாணத்தில் கோயில் திறப்போர்க்குக் காப்பளிக்கும் சட்டம் 1939-இலும், கோயில் நுழைவை உரிமையாக்கிய சட்டம் 1947-இலும் வந்தன. இடைப்பட்ட ஆண்டுகளிலும் கணவாய் வழியே வந்த சாரல் எல்லைக்கல்லின் இருபுறத்தும் ஒன்றுபோலவே வீழ்ந்தது. எல்லைக்கல்லிலே மாறிய வழக்கம் இயற்கை வழக்கமாதல் யாங்ஙனம்?

வழக்கம் என்பது வழக்கிலே சான்றாக நின்று வென்றதும் உண்டு. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில் வழக்கு இலண்டன் பிரிவி கௌன்சில்வரை சென்று, 1908-இல் நாடார் சமுகத்தாருக்கு எதிராக முடிந்தது. அவர்களுக்கு அக்கோயிலுட் புகும் வழக்கம் இன்று என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. புகாமை யாருடைய வழக்கம்? புகாதவருடையதா, புகவிடாதவருடையதா?

பிறர் கோயிலைப் பேசி நம் ஆலயத்தை மறத்தல் தகாது. இந் நெல்லைச் சீமையிலேயே வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தில் சாதியாரைப் பிரித்துவைத்த சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. அது நின்ற நாளில் யாரேனும் "மக்கள் வழக்கமாகத் தனித்தனியே அமர்ந்து வழிபடுவர்" என எழுதியிருப்பின், அதனை ஆசிரியர் எவரும் திருத்தியிரார். எழுவாய், அடை, பயனிலை யாவும் செவ்வனே அமைந்துள்ளன. சுவரை எழுப்பினவர் மட்டும் வாக்கியத்தில் யாண்டும் இல்லை.