பிரசவம் வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா?

பிரசவம் இயற்கையான காரியமே. வீட்டில் சுற்றத்தாரின் துணையும் மன அமைதியும் உண்டு. ஆயினும் குழந்தை பிறந்தபின் கருப்பை சுருங்காவிடில், திடகாத்திரமான ஸ்திரீயும் இரத்தப்போக்கினால் இரண்டு மணி நேரத்தில் உயிரிழக்கக்கூடும். ஆகையால் உதவி எவ்வளவு சீக்கிரம் கிட்டும் என்பதே முதலில் ஆலோசிக்கத்தக்கது. ஆஸ்பத்திரியில் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோஸின் ஊசி உடனே போடப்படும். இரத்தம் ஏற்றவும் வழியுண்டு.

எவ்விடமாயினும் சுத்தம் இன்றியமையாதது. 1847-இல் வியன்னா நகர ஆஸ்பத்திரியில், பிணப் பரிசோதனை செய்த வைத்தியர்கள் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டுமென டாக்டர் ஸெம்மெல்வைஸ் விதித்தார். அதன்பின் பிரசவ ஜுரத்தால் நேர்ந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

முதற் பிரசவம், இரட்டைக் கர்ப்பம், முன்பு வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்திருத்தல், இரத்தக்குறைவு, இரத்த அழுத்தம் ஆகியவை உள்ளோர்க்கு ஆஸ்பத்திரியே தகும். மற்றையோர்க்கும் அபாயம் முன்கூட்டித் தெரியாதாகையால் அதுவே உசிதம்.

வலி கண்டபின் யோசிக்க அவகாசமிராது. எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, துணை யார், இரத்தம் அளிப்பவர் யார் என்பவற்றை ஏழாம் மாதத்திலேயே தீர்மானித்தல் வேண்டும். இரவில் வண்டி கிடைக்காத கிராமங்களில், அவ்வேற்பாட்டைச் சங்க அங்கத்தினர் கூடிச் செய்து வைப்பது ஓர் உயிரைக் காக்கும்.