கணினி நிரலில் மடக்கு

கணினிக்கு நிரல் எழுதக் கற்கப் புகும் மாணவர் முதற் சில நாட்களில் இடர்ப்பாடின்றியே செல்வர். ஒரு கட்டளை, அதன்பின் மற்றொன்று என வரிசையாக நடக்கும் நிரலில் மயக்கத்திற்கு இடமில்லை. மடக்கு என்னும் பகுதிக்கு வந்தவுடன்தான் பலர் தயங்கி நிற்கின்றனர். லூப் என்றும் வழங்கும் இது, சில கட்டளைகளை மீட்டும் மீட்டும் நிறைவேற்றுமாறு கணினியை ஏவுவதாம். இவ்விலக்கணம் பிழையுடையதன்று, எனினும் குறையுடையது. மடக்கு எப்பொழுது நிற்கும் என்பதைப்பற்றி அஃது ஒன்றும் கூறவில்லை. அதனையே நாம் ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

1 முதல் 10 வரையுள்ள எண்களைக் கூட்டுவதாகக் கொள்வோம். 'எண்', 'தொகை' என இரண்டு மாறிகளை அமைத்து, முன்னதில் 1-ஐயும் பின்னதில் 0-ஐயும் இடுகிறோம். எண் 10-க்கு மேற்படாதிருக்கும் வரையில், தொகையோடு எண்ணைக் கூட்டுக. பின்னர் எண்ணில் ஒன்று ஏற்றுக. மடக்கு இவ்வளவே, விடை 55. 'மேற்படாதிருக்கும் வரையில்' என்பதற்குப் பதிலாகக் 'குறைந்திருக்கும் வரையில்' என்று எழுதிவிடின், 10 விடுபட்டு விடை 45 ஆகும். உள்ளிருக்கும் இரு கட்டளைகளையும் முன்பின்னாக மாற்றிவிடின், 2 முதல் 11 வரை கூட்டப்பெற்று 65 வரும். எண்ணில் ஒன்று ஏற்ற மறந்தோமாயின், எண் என்றும் 1 ஆகவே நிற்கும். மடக்கும் ஓயாது சுழலும். முதலிரண்டு பிழைகளில் தவறான விடையேனும் கைக்கு வருகிறது. மூன்றாவதில் அதுவும் இல்லை.

இத்தகைய பிழை தொடக்க மாணவர்க்கே உரியது என்று எண்ணற்க. மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 2006 நவம்பரில் ஸூன் என்னும் கையடக்கமான பாட்டுக் கருவியை வெளியிட்டனர். 2008 டிசம்பர் 31-ஆம் நாள், 30 ஜிகாபைட் கொள்ளளவுடைய ஸூன் கருவிகள் இயக்கமற்று நின்றுவிட்டன. கடிகாரத்தைக் கவனிக்கும் பகுதியில் இருந்த ஒரு மடக்கே அதற்குக் காரணம்.

1980 சனவரி முதல் நாளை 1 எனக் கொண்டு எண்ணிய நாட்களின் தொகையிலிருந்து ஆண்டைக் கண்டறிதல் அம்மடக்கின் வேலை. அதன் கருத்து வருமாறு: நாள் 365-க்கு மேற்பட்டிருக்கும் வரையில் செய்க. லீப் ஆண்டாயின், நாள் 366-க்கும் மேற்பட்டிருந்தால் மாத்திரம் 366-ஐக் கழித்து, ஆண்டில் ஒன்று ஏற்றுக. பிற ஆண்டாயின் 365-ஐக் கழித்து, ஆண்டில் ஒன்று ஏற்றுக.

படித்த அளவில் இதிற் குற்றம் தோன்றுகிறதா? நமக்கும் முதலில் தோன்றவில்லை. தாளும் எழுதுகோலும் எடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் நாளும் ஆண்டும் என்னவாகின்றன என்று குறித்துப் பார்த்தபின்னரே விளங்கிற்று. அன்றைய நாள் தொகை 10,593. 1980 முதல் 2007 வரை 28 சுற்றுகளில் 10,227 நாட்கள் கழிந்துவிடுகின்றன. எஞ்சியவை 366, ஆண்டு 2008. 366 என்பது 365-க்கு மேற்பட்டதாகலின் மடக்கு உள்ளே புகுகிறது. ஆண்டோ லீப் ஆண்டு. ஆனால் 366 என்பது 366-க்கு மேற்பட்டதன்று. ஆகவே ஒன்றும் கழிக்கப்படவில்லை, ஆண்டும் ஏறவில்லை. அதே 366-உடன் மடக்கு மறுபடியும் தொடங்குகிறது. எத்தனை முறை சுற்றினும் நிலை மாறாது.

கருவி வெளிவந்தபின் வந்த முதல் லீப் ஆண்டு 2008. அதன் இறுதி நாளிலன்றி இப்பிழை வெளிப்பட வழியில்லை. மின்கலம் தீருமட்டும் காத்திருந்து, 2009 சனவரி 1-ஆம் நாள் கிரீனிச் நேரப்படி நண்பகலுக்குப்பின் இயக்குமாறு கம்பெனியார் அறிவித்தனர். விந்தையான மருந்துதான், எனினும் பலிக்கக்கூடியதே. மறுநாள் எஞ்சுபவை 367. 366 கழிய 1 நிற்கும், ஆண்டு 2009 ஆகும், மடக்கும் முடியும்.

இனி, இதனைத் திருத்துவது எங்ஙனம்? 365 என்பதை 366 ஆக்கிவிடலாம் என்று மாணவர் பலர் விரைந்து கூறக்கூடும். மடக்கு நிற்கும் என்பது உண்மையே. ஆயின் 2010 சனவரி 1-ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். ஆண்டு 2009-இல் நிற்கையில் எஞ்சுபவை 366. மடக்கு அங்கேயே முடிந்து, 2009-ஆம் ஆண்டின் 366-ஆம் நாள் என்னும் இல்லாத நாளைக் காட்டும். நிற்காத மடக்குக்கு மாற்றாக, பொய்யான விடையைப் பெற்றோம். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அவ்வாண்டின் நாட்கள் எத்துணை என்று முதலில் அறிந்து, எஞ்சியவை அதற்கு மேற்பட்டிருந்தால் மாத்திரம் அத்தொகையைக் கழித்து ஆண்டை ஏற்றி, இன்றேல் மடக்கை விட்டு வெளியேறுதலே தக்கது. அப்பொழுது 2008-இல் 366 எஞ்சினால் மடக்கு நின்று டிசம்பர் 31 என்று காட்டும். 2009-இல் 366 எஞ்சினால் 365 கழிந்து 2010 சனவரி 1 ஆகும்.