கிணறுள்ள வீடு வாங்குமுன்: ஒஷாவாவின் நீர்த் தரவைப் பார்ப்பது எப்படி?

ஒஷாவா நகரிலிருந்து சிம்கோ தெருவால் வடக்கே போய் 407 நெடுஞ்சாலையைத் தாண்டினால் கொலம்பஸ், ராக்லன் என்று சிற்றூர்கள் வரும். அவையும் ஒஷாவா எல்லைக்குள்தான். ஆனால் நகரத்துக்குள் இருப்பவர்கள் ஒன்ராறியோ ஏரித் தண்ணீரைக் குழாயில் குடிக்க, இந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகளுக்குச் சொந்தக் கிணறுதான் கதி. ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டுக் கொஞ்சம் காணியோடு வீடு தேடுகிற நம்மவர்கள் அடுக்களையைத் துருவிப் பார்க்கிறார்கள், நிலவறையில் ஈரவாடை அடிக்கிறதா என்று மோந்து பார்க்கிறார்கள். கிணற்றைப் பற்றி விற்பவர் “நல்லா வேலை செய்யுது” என்று சொன்னால் மட்டும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

அந்தக் கிணற்றைப் பற்றி அரசிடம் பதிவு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பக்கத்துக் கிணறுகள், ஓடை, நிலத்தடி நீர்மட்டம் எல்லாவற்றுக்கும் இலவசமாகப் பார்க்கக்கூடிய தரவு இருக்கிறது. ஆனால் இவற்றில் ஒன்றுகூட வீடு வாங்குபவருக்காகச் சேர்த்ததில்லை. ஒவ்வொன்றும் எதற்காகச் சேர்க்கப்பட்டது என்று தெரிந்துகொண்டால்தான் அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது என்பது விளங்கும். பார்க்கும் ஒழுங்கும் முக்கியம். வீட்டுக் கிணற்றில் தொடங்கி வெளியே போங்கள்.

முதலில் கிணற்றுப் பதிவேடு

ஒன்ராறியோ அரசின் இணையத்தளத்தில் ‘கிணற்றுப் பதிவுகள்’ வரைபடம் இருக்கிறது. முகவரியைக் கொடுத்துப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகக் கிணறுகள் தெரியும். ஒன்றைத் தொட்டால் அதைத் தோண்டியவர் கொடுத்த அறிக்கை திறக்கும். மாகாணத்தின் 903ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி கிணறு தோண்டும் ஒப்பந்தக்காரர் இந்த அறிக்கையை அமைச்சுக்கும் வீட்டுக்காரருக்கும் கொடுத்தாக வேண்டும். கிணறு 2003க்குப் பிந்தியதென்றால் உறைக்குழாயில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தோடு இலக்கம் பொறித்த உலோகத் தகடு இருக்கும். வீடு பார்க்கப் போகும்போது அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பதிவு இதே கிணற்றினுடையதுதான் என்று உறுதிசெய்ய அதைவிட நல்ல வழி இல்லை.

தகடு இல்லாவிட்டால் கவனம். பழைய பதிவுகளில் இடத்தைக் காணித்துண்டு இலக்கத்தை வைத்தே குறித்திருக்கிறார்கள். அதனால் புள்ளி நடுத்தெருவிலும் நிற்கும், அடுத்த வயலிலும் நிற்கும். ஆழம், உறையின் விட்டம், வீடு கட்டிய ஆண்டு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அது உங்கள் கிணறு என்று நம்புங்கள். அளவுகள் பெரும்பாலும் அடியிலும் பிரித்தானியக் கலனிலும் இருக்கும். ஒரு கலன் சுமார் நாலரை லீற்றர்.

இனிப் பதிவை வாசிப்போம். அதில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 2 அடி வரை கறுப்பு மேல்மண், 35 அடி வரை மண்ணிறக் களியும் கல்லும், 110 அடி வரை நீலக் களி, 128 அடி வரை சாம்பல் மணலும் கிறவலும். தண்ணீர் கண்டது 112 அடியில். அசையா நீர்மட்டம் 41 அடி. நிமிடத்துக்கு 6 கலன் வீதம் ஒரு மணி நேரம் இறைத்த பிறகு 78 அடி.

தண்ணீர் கிடைத்தது 112 அடியில், ஆனால் அது 41 அடிவரை மேலெழுந்து நிற்கிறது. அப்படியென்றால் மணற்படுகையின் மேல் நூறடிக்கு மேற்பட்ட களி மூடியாக இருக்கிறது, கீழே தண்ணீர் அழுத்தத்தோடு கிடக்கிறது. அந்த மூடிதான் உங்கள் முதல் பாதுகாப்பு. செப்டிக் கழிவோ வயலின் உரமோ நேரே கீழே இறங்குவது கடினம். அடுத்து, ஒரு மணி நேர இறைப்பில் மட்டம் 37 அடி இறங்கியிருக்கிறது. 6 கலன் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 27 லீற்றர். ஒரு குடும்பத்துக்குக் காணும். பம்ப் 105 அடியில் தொங்குகிறதென்றால் இறைத்து முடிந்த பிறகும் அதன் மேல் 27 அடித் தண்ணீர் நிற்கும். ஆறங்குல உறையில் ஓரடிக்குச் சுமார் ஐந்தரை லீற்றர் தண்ணீர் பிடிக்கும். ஆக அசையா மட்டத்துக்கும் பம்புக்கும் இடையிலுள்ள 64 அடியில் 350 லீற்றர் அளவுக்குக் கையிருப்பு. ஊற்று மெலிந்த கிணற்றில், வீட்டுக்கு விருந்தினர் வந்து நிற்கும் நாளில் கைகொடுப்பது இந்தக் கையிருப்புதான்.

இதற்கு மாறாக, மூன்றடி அகலச் சீமெந்து உறையோடு முப்பது நாற்பது அடியில் முடிகிற கிணறு என்றால், மேல்மட்டத் தண்ணீரையே நம்பியிருக்கிறீர்கள். கோடை வறட்சியில் முதலில் அடங்குவதும் மழைக்குப் பிறகு முதலில் அழுக்காவதும் அதுதான். செப்டிக் வயலிலிருந்து தூரத்தையும் அளந்து பாருங்கள். குறைந்தது 6 மீட்டர் ஆழத்துக்கு நீர்புகா உறை போட்ட துளைக்கிணற்றுக்கு 15 மீட்டர் போதும். தோண்டிய கிணற்றுக்கு 30 மீட்டர் வேண்டும்.

தோண்டுபவர்கள் நிலவியலாளர்கள் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். ஒருவர் நீலக் களி என்று எழுதுவதை இன்னொருவர் ‘ஹார்ட்பான்’ என்று எழுதுவார். சொல்லில் தொங்காமல் ஆழத்தைப் பாருங்கள்.

பிறகு அயல் கிணறுகள்

சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு புள்ளிகளைத் தொட்டு ஆழம், நீர் கண்ட ஆழம், தோண்டிய ஆண்டு மூன்றையும் தாளில் எழுதுங்கள். எல்லாம் 100 முதல் 130 அடிக்குள் வந்தால் ஊர் முழுக்க ஒரே படுகையில் குடிக்கிறது. ஒன்று 60 அடி, அடுத்தது 250 அடி என்று சிதறினால் அங்கே தண்ணீர் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. புதுக் கிணறு வேண்டிவந்தால் செலவை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ‘கைவிடப்பட்டது – போதிய நீரில்லை’, ‘கைவிடப்பட்டது – தரம்’ என்ற குறிப்புகளைத் தேடுங்கள். விற்பவரின் வாயிலிருந்து இவை வராது.

நிலத்தின் அடுக்கு

வடக்கே கிழக்கு மேற்காகச் சுமார் 160 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ஓக் ரிட்ஜஸ் மொறெய்ன், பனிப்பாறைகள் விட்டுப்போன மணலும் கிறவலுமான மேடு. மழையையும் உருகும் பனியையும் உள்ளே இழுத்துத் தெற்கே ஓடைகளுக்கு விடுவது அதுதான். இந்த நிலப்பரப்பின் கிணறுகள், ஆய்வுத் துளைகள், அறிக்கைகளை ஓக் ரிட்ஜஸ் மொறெய்ன் நிலத்தடி நீர்த் திட்டம் ஒரே இடத்தில் சேர்த்துத் திருத்தி வைத்திருக்கிறது. அரசுப் பதிவேட்டில் இடம் தவறிய கிணறு இங்கே சரியான இடத்தில் இருக்கவும் கூடும். வரைபடங்களில் நியூமார்க்கெட் களிப்படிவு எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பெய்த மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் நேரே கிணற்றுக்குப் போய்விடும். இங்கே இந்தக் களிதான் தண்ணீரைத் தடுத்துத் தாமதிக்க வைக்கிறது.

காலத்தோடு எப்படி மாறுகிறது?

கிணற்றுப் பதிவு, தோண்டிய நாளின் நிலவரத்தை மட்டுமே சொல்லும். 1974 ஏப்ரலில் தோண்டிய கிணற்றின் 41 அடி, இந்த ஆண்டு செப்டம்பரில் 41 ஆக இருக்கத் தேவையில்லை. அதற்கு மாகாண நிலத்தடி நீர்க் கண்காணிப்பு வலையமைப்பைப் பாருங்கள். மாகாண அமைச்சு, ஒஷாவா வைற்றிங் அவெனியூவில் அலுவலகம் உள்ள மத்திய ஒன்ராறியோ ஏரிப் பாதுகாப்பு ஆணையம் போன்றவற்றோடு சேர்ந்து அதை நடத்துகிறது. யாரும் குடிக்காத கண்காணிப்புக் கிணறுகளில் தானியங்கிக் கருவிகள் மணிக்கொரு தடவை நீர்மட்டத்தைப் பதிகின்றன. உங்கள் காணிக்கு அருகில், உங்கள் கிணற்றை ஒத்த ஆழத்தில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலிருந்தாலும் ஆழம் வேறென்றால் அது வேறு தண்ணீர்.

கோப்பை இறக்கி விரிதாளில் வரைந்தால், பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில் மட்டம் ஏறுவதும் கோடை முழுக்க இறங்கிச் செப்டம்பர், ஒக்டோபரில் அடிமட்டத்தைத் தொடுவதும் தெரியும். ஒரே ஆண்டின் இறக்கத்தைக் கண்டு பதற வேண்டாம். ஒவ்வொரு ஆண்டின் அடிமட்டத்தையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். அந்த வரிசை இறங்கினால்தான் கவலை.

ஓடையையும் பாருங்கள். கனடா நீர் ஆய்வகம் ஒஷாவா ஓடையில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. இலக்கம் 02எச்டி008. நீர்மட்டமும் வினாடிக்கு எத்தனை கனமீட்டர் ஓடுகிறது என்பதும் உடனுக்குடன் வெளியாகின்றன. பெருமழைக்கு வரைகோடு செங்குத்தாக ஏறி இறங்குவது கூரைகளும் தார்ச்சாலைகளும் கொட்டிய தண்ணீர். மழையே இல்லாத ஓகஸ்ட் வாரமொன்றில் ஓடை வற்றாமல் ஓடுகிறதே, அது பெரும்பாலும் நிலத்தடி நீர். அந்தத் தட்டைக் கோட்டை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால் மேட்டின் கையிருப்பு எப்படி இருக்கிறது என்று ஓரளவு தெரியும். உடனடித் தரவு திருத்தப்படாதது. குளிர்காலத்தில் பனிக்கட்டி ஓட்டத்தை அடைத்து மட்டத்தை உயர்த்திக் காட்டும்; பழைய தரவில் அந்த நாட்களுக்குப் பக்கத்தில் ‘பி’ என்ற எழுத்து இருக்கும். அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வேறு யார் இறைக்கிறார்கள்?

ஒன்ராறியோவில் பொதுவாக நாளொன்றுக்கு 50,000 லீற்றருக்கு மேல் எடுக்க அனுமதி வேண்டும். அந்த அனுமதிகளின் பட்டியல் மாகாணத் தரவுப் பட்டியலில் கிடைக்கிறது. அதிலுள்ள எண் அனுமதித்த உச்சவரம்பு, உண்மையில் எடுத்த அளவில்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல் ‘இத்தனை கோடி லீற்றர் போகிறது’ என்று சமூக ஊடகத்தில் கொதிப்பவர்கள் நிறைய. அதேபோல், வடக்கே எழும்பும் புதுக் குடியிருப்புகளில் அத்திவாரத்துக்காகத் தண்ணீர் இறைப்பது பெரும்பாலும் வேறொரு பதிவேட்டில் இருக்கும். அனுமதிப் பட்டியலில் பெயரில்லை என்பதற்காக யாரும் இறைக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

நீர்மூலப் பாதுகாப்பு வரைபடத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். 2000 மே மாதம் வோக்கர்ட்டன் ஊரில் மாட்டெரு கலந்த கிணற்றுத் தண்ணீரால் 7 பேர் இறந்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்ற பிறகு வந்த 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயன் அது. எளிதில் மாசுபடக்கூடிய படுகை உங்கள் காணியின் கீழ் இருக்கிறதா என்று காட்டும். ஆனால் அந்தச் சட்டம் முதன்மையாகக் காப்பது நகராட்சிகளின் குடிநீர் மூலங்களை. உங்கள் தனிக் கிணற்றுக்கு நீங்கள்தான் காவல்.

கடைசியில் போத்தல்

எந்த வரைபடமும் உங்கள் குழாயில் வரும் தண்ணீரைச் சோதித்ததில்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் 2014, 2015 வாக்கில் கிணறுகளில் கழிவெண்ணெய் கண்டபோது ஒரு தரப்பு ஒன்று சொல்ல மறுதரப்பு வேறு சொல்லியதும், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொல்லும்வரை இழுபட்டதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தன் கிணற்றின் பழைய சோதனை முடிவு கையிலிருப்பவருக்குத்தான் அப்படிப்பட்ட நேரத்தில் பேச வாய் இருக்கும்.

டர்ஹம் பிராந்தியச் சுகாதாரத் திணைக்களத்தில் போத்தல் வாங்கலாம்; தனிக் கிணற்றுக்குச் சோதனை இலவசம். போத்தலுக்குள் இருக்கும் தூளைக் கழுவிவிடாதீர்கள், குளோரினை முறிக்க அது வேண்டும். குழாயின் சல்லடையைக் கழற்றிவிட்டு, வடிகட்டிக்கும் புறஊதா விளக்குக்கும் முந்திய இடத்தில் பிடியுங்கள். இல்லாவிட்டால் கிணற்றையல்ல, விளக்கைத்தான் சோதிப்பீர்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்படையுங்கள்.

இந்த இலவசச் சோதனை ஈ.கோலையையும் மொத்தக் கோலிஃபோமையும் மட்டும் பார்க்கும். நைத்திரேற்று, சோடியம், குளோரைட்டுக்குத் தனியார் ஆய்வுகூடத்தில் காசு கட்ட வேண்டும். நைத்திரேற்று நைதரசனாக லீற்றருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் இதில் விளையாட்டில்லை. சோடியம் 20ஐத் தாண்டினால் உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குளோரைட்டும் சேர்ந்து ஏறியிருந்தால் பனிக்காலத்துத் தெரு உப்பைச் சந்தேகிக்கலாம். மென்னீராக்கும் கருவியும் சோடியத்தைச் சேர்க்கும் என்பதால் அதற்கு முன்னால் பிடித்த மாதிரியே கணக்கு.

வாங்கும் காணியில் பழைய தோண்டிய கிணறு ஏதும் கிடக்கிறதா என்றும் நடந்து பாருங்கள். களஞ்சியத்தின் பின்னால், புல்லுக்குள் ஒரு சீமெந்து மூடி தட்டுப்படலாம். பதிவேட்டில் அது இருக்காது, ஆனால் மேல்மட்ட அழுக்கு கீழே இறங்க அது திறந்த வழி. பாவனையில் இல்லாத கிணற்றை முறைப்படி அடைப்பது காணி உரிமையாளரின் பொறுப்பு. கையெழுத்துப் போட்ட பிறகு அந்த உரிமையாளர் நீங்கள். எனவே உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரிடம் அடைக்கும் செலவை முன்பே கேட்டு, அதையும் வீட்டு விலையில் கழித்துப் பேசுங்கள்.