ஒன்பது மணி வரை கதவைத் திறக்காதீர்கள்

ஆடியிலும் ஆவணியிலும் குஞ்சு வாங்கிக் கொல்லையில் விட்டவர்களுக்கு மார்கழி எதிர்பார்ப்பு மாதம். தை பிறக்கும்போது அந்தக் குஞ்சுகளில் பலவற்றுக்கு 20 வாரம் கடந்திருக்கும். காக்கி கேம்பல் வளர்ப்பவர்கள் இதற்குள் முதல் முட்டையைக் கண்டிருப்பார்கள். அது 17, 18 வாரத்திலேயே தொடங்கிவிடும் இனம். நாட்டு வாத்து ஐந்தரை, ஆறு மாதம் வரை இழுக்கும். மணிலா வாத்து அதற்கும் மெதுவு. பக்கத்து வீட்டு வாத்து இட்டுவிட்டது, நம்முடையது இடவில்லையே என்று தீவனத்தை அள்ளிக் கொட்ட வேண்டாம். கொழுத்த பெட்டை முட்டைக்கு உதவாது.

இடப்போகும் பெட்டை தானாகவே காட்டிக்கொடுக்கும். பின்வயிறு கனத்துத் தொங்கும், நடை அகலும். கையில் பிடித்து எச்சத் துவாரத்தின் இருபுறமும் உள்ள எலும்பு முனைகளைத் தொட்டுப் பாருங்கள். இடையில் இரண்டு விரல் நுழைந்தால் நாள் நெருங்கிவிட்டது. ஒரு விரலுக்கே இடமில்லை என்றால் இன்னும் சில வாரம் ஆகும். மூலையில் நின்று வைக்கோலை அலகால் இழுத்து இழுத்துத் தன் முதுகுப் பக்கம் போட்டுக்கொள்வதும் ஓர் அடையாளம். போட்டுக்கொள்வது பெட்டைதானா என்றும் பாருங்கள். உரக்கக் கத்துவது பெட்டை. தொண்டை கட்டியதுபோல் கரகரப்பதும், வாலில் சுருண்ட இறகு வைத்திருப்பதும் ஆண். மணிலா வாத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

இனி முக்கியமான வேலைக்கு வருவோம். வாத்து பின்னிரவிலும் விடியலிலும் முட்டையிடும். பத்து முட்டையில் ஒன்பதுக்கு மேல் காலை 9 மணிக்குள் விழுந்துவிடும். கோழியைப் போல் மத்தியானம் கூட்டைத் தேடி ஓடி வருகிற வழக்கம் இதற்குக் கிடையாது. விடிந்ததும் கதவைத் திறந்துவிட்டால் முட்டை வாய்க்காலில் விழும், வாழைக்கட்டையின் அடியில் விழும், காகத்தின் வாய்க்குப் போகும். நான் முதல்முறை வளர்த்தபோது பதினைந்து நாள் முட்டையே இல்லை என்று நினைத்திருந்தேன். கோடையில் குட்டை வற்றியபோதுதான் சேற்றில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

ஆகவே இன்று முதல் 9 மணி வரை அடைத்தே வையுங்கள். முதல் ஒரு வாரம் கத்தித் தீர்க்கும். கத்தட்டும், உள்ளே தண்ணீர் இருந்தால் போதும். முதல் மாதத்தில் எங்கே இட்டுப் பழகுகிறதோ அந்த இடத்தையே பிடித்துக்கொள்ளும். பின்னால் மாற்றுவது பெரும்பாடு. இடுவதற்கு ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம், ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு பெட்டி, மூன்று பெட்டைக்கு ஒன்று என்ற கணக்கில் வைக்கலாம். பழைய பழப்பெட்டியைக் கவிழ்த்து ஒரு பக்கம் எடுத்துவிட்டாலும் சரிதான். தரையோடு தரையாக இருக்க வேண்டும், வாத்து தாவி ஏறாது. இருட்டு மூலை, காய்ந்த வைக்கோல், அதில் அடையாளத்துக்கு ஒரு மர முட்டையோ வழுவழுப்பான கூழாங்கல்லோ. மார்கழிப் பனியில் வைக்கோல் ஈரம் கட்டும். இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றினால் முட்டை அழுக்காகாது.

அடுத்தது பயம். வாத்தைப் போல மிரளும் பறவை குறைவு. ஒன்று மிரண்டால் கூட்டமே சுவரில் மோதும். மிரண்ட பெட்டை முட்டையை நிறுத்திவிட்டு இறகு உதிர்க்கவும் ஆரம்பிக்கலாம். போகியன்று விடியற்காலையில் பிள்ளைகள் மேளம் தட்டிக்கொண்டு தெருவில் வருவார்கள், புகையும் சேரும். முந்தைய நாளே கொட்டகையின் தெருப்பக்கத்தைச் சாக்கால் மறைத்துவிடுங்கள். இடமாற்றம், புது வாத்து சேர்ப்பது, கொட்டகையை இடித்துக் கட்டுவது எல்லாவற்றையும் பொங்கலுக்கு அப்புறமும் ஒரு மாதம் தள்ளி வையுங்கள். முட்டை எடுக்கிறவர் தினமும் ஒரே ஆளாக இருப்பது நல்லது. கீரி, மரநாய், தெருநாய் எதுவும் நுழையாதபடி கம்பிவலையின் அடிப்பக்கத்தை அரை அடி மண்ணில் புதையுங்கள்.

தீவனத்தில் ஒரே ஓர் எச்சரிக்கையைத்தான் அழுத்திச் சொல்வேன்: பூசணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு இப்போது மூட்டையின் அடியில் கட்டிதட்டிக் கிடக்கும். அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு கோழியை விட வாத்தை வெகு சீக்கிரம் ஈரலில் தாக்கும். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்து, அதன் காரணத்தைத் தேடிப் போனபோதுதான் இந்த நஞ்சே அடையாளம் தெரிந்தது. குற்றவாளி பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு. வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு போகாது. வாடை சந்தேகமாக இருந்தால் மாட்டுக்கும் போடாமல் குழியில் கொட்டுங்கள்.

இடத் தொடங்கிய பெட்டைக்கு நாளொன்றுக்கு 120 முதல் 150 கிராம் தீவனம் வேண்டும்; மேய்ச்சல் நன்றாக இருந்தால் குறையும். குருணையும் தவிடும் வயிற்றை நிரப்பும், முட்டையை நிரப்பாது. கருவாட்டுத் தூள், நத்தை, அசோலா என்று புரதம் சேர வேண்டும். கடையில் வாங்குவதானால் முட்டைக்கோழித் தீவனம் போதும். கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள். தேவைப்படுவது தின்னும், ஆணும் குஞ்சும் ஒதுங்கிக்கொள்ளும். தோல்முட்டை அடிக்கடி வந்தால் முதலில் அந்தச் சட்டி காலியா என்று பார்க்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி அரை அடி ஆழமாவது இருக்கட்டும். தலையை முக்கி மூக்கையும் கண்ணையும் கழுவ முடியாத வாத்துக்குக் கண்ணில் பொருக்குத் தட்டும். தண்ணீர் இல்லாமல் தீவனம் மட்டும் வைக்கவே கூடாது. உலர்ந்த மாவு தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும் என்று புத்தகங்களில் படித்துவிட்டுச் சிலர் கவலைப்படுகிறார்கள். தஞ்சாவூரில் மார்கழிப் பகல் சுமார் பதினொன்றரை மணி. வருடத்தின் மிக நீண்ட பகலும் 13 மணியைத் தொடாது. விற்பனைக்குக் காக்கி கேம்பல் வளர்ப்பவர் விளக்குப் போடட்டும். வீட்டுக்கு ஆறு வாத்து வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை.

சம்பா அறுவடை முடிந்த தாளடிக்கு இனி வாத்துக்காரர்கள் வருவார்கள். ஆயிரம் வாத்து ஒரே வாய்க்காலில் இறங்கும் காட்சி கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அந்தத் தண்ணீரில் உங்கள் வாத்தை விடாதீர்கள். வாத்துப் பிளேக் தண்ணீர் வழியாகப் பரவும். 8 வாரத்துக்குப் பிறகு போட வேண்டிய தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் கால்நடை மருந்தகத்தில் இப்போதே கேளுங்கள். வலசைப் பறவைகள் தங்கியிருக்கும் காலமும் இது. 2014 நவம்பரில் கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளில் பறவைக் காய்ச்சல் புகுந்தது நினைவிருக்கும். இரண்டு மூன்று வாத்து திடீரென்று செத்தால் அறுத்துப் பார்க்காமல், ஆற்றில் எறியாமல், உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதல் முட்டைகள் சின்னதாக, சில இரட்டைக் கருவோடு, சில ஓடே இல்லாமல் வரும். மூன்று நான்கு வாரத்தில் சீராகி 65 முதல் 70 கிராமில் நிற்கும். ஓடு இளம்பச்சையாக இருந்தால் அது இனத்தின் நிறம், நோயில்லை. சேற்றில் கிடந்ததை அன்றே சமையுங்கள். வாத்து முட்டையை அரைவேக்காட்டில் தின்ன வேண்டாம், கரு முழுக்க இறுகட்டும்.

அடைக்கு வைக்க ஆசைப்படுபவர்கள் மாசி வரை பொறுங்கள். இளம்பெட்டையின் முதல் மாத முட்டை பெரும்பாலும் கூமுட்டையாகப் போகும். ஆறு பெட்டைக்கு ஓர் ஆண் இருக்க வேண்டும். காக்கி கேம்பல் அடைக்கு உட்காராது. அடைக்கோழியின் அடியில் எட்டு முட்டைக்கு மேல் வைக்காதீர்கள், அதன் இறக்கை அவ்வளவுதான் மூடும். பொரிக்க 28 நாள். மணிலா முட்டை 35 நாள் எடுக்கும். கோழியின் அடியில் பொரித்த குஞ்சுகள் முதல் நாளே தண்ணீரைத் தேடி ஓடும். தாய் வாத்தின் எண்ணெய்ப் பசை அவற்றின் தூவியில் ஏறியிருக்காது; நனைந்து விறைத்துவிடும். மூன்று வாரம் வரை அலகு நனையும் அளவுக்குத் தட்டில் தண்ணீர் போதும், குட்டைப் பக்கம் தடுப்புக் கட்டிவிடுங்கள்.