மொட்டை மாடி ஏறும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

செங்கல்பட்டில் சொந்தமாக சோலார் தொழில் தொடங்கிவிட்டாய், கோவளத்திலிருந்து புதுப்பட்டினம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் ஆர்டர் பிடிக்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அச்சடித்த நோட்டீஸையும் பார்த்தேன். "2030 பசுமை இலக்கில் பங்கெடுங்கள், கரண்ட் பில்லுக்கு விடைகொடுங்கள்!" இரண்டாவது பாதியை முதலில் எடுத்துவிடு. முதல் பாதியைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். உன்னைப்போல் நிறையப் பேர் இந்தத் தொழிலில் இறங்கியிருப்பதால் பத்திரிகையிலேயே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

2030க்குள் தன் மின்சாரத்தில் பாதியைப் பசுமை மின்சாரமாக்குவதுதான் தமிழ்நாடு வைத்திருக்கும் இலக்கு. வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. காற்றாலை நம்மிடம் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, சூரிய மின்சாரமும் 10,000 மெகாவாட்டைத் தொட்டுவிட்டது. 2024 மே 2ஆம் தேதி மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேலை முடிந்துவிட்டதுபோலத் தெரியும். மேடையில் பேசுகிறவர்கள் அப்படித்தான் வைத்துப் பேசுகிறார்கள். நீ பேசாதே. மெகாவாட் என்பது பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். ஜனங்களுக்கு வேண்டியது யூனிட், அதுவும் அவர்கள் சுவிட்ச் போடுகிற நேரத்தில்.

உன் ஏரியாவிலேயே இதற்குக் கணக்கு இருக்கிறது. புதுப்பட்டினத்தில் எந்த மாடியில் ஏறினாலும் கல்பாக்கம் பக்கம்தான். அங்கே சென்னை அணுமின் நிலையத்தில் 220 மெகாவாட்டில் இரண்டு உலைகள். ஒன்று 1984இல் ஓடத் தொடங்கியது, மற்றது 1986இல். ஓர் உலை முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் 52 லட்சத்து 80 ஆயிரம் யூனிட். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். அப்படியானால் அந்த ஓர் உலைக்கு ஈடாக 1,320 மெகாவாட் சோலார் வேண்டும். கமுதியில் இருக்கிறதே 648 மெகாவாட் பூங்கா, அதுபோல் இரண்டு. அந்த இரண்டும் சேர்ந்தாலும் பொழுது சாய்ந்தபின் ஒரு பல்பு எரியாது.

உலையைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அதே வளாகத்தில் 500 மெகாவாட் ஈனுலைக்கு 2004இல் கட்டுமானம் தொடங்கினார்கள். உலை மையத்தை நிரப்பும் (கோர் லோடிங்) வேலையே 2024 மார்ச்சில்தான் ஆரம்பித்தது. 1984இல் ஓடத் தொடங்கிய அந்த முதல் உலையும் 2018 தொடக்கத்தில் நின்று, வருஷக்கணக்காகப் படுத்துவிட்டது. இருபது வருஷம் காத்திருக்கும் பொறுமை மாநிலத்துக்கு இல்லை. நீயோ மூன்று கிலோவாட்டை இரண்டே நாளில் மாட்டிவிட்டுக் கீழே இறங்குவாய். உன் பலம் அது.

தேவை எப்படிப்பட்டது என்பதற்கு நெம்மேலியைப் பார். கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலை, நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர், 2024 பிப்ரவரியில் திறந்தார்கள். இந்த முறையில் ஆயிரம் லிட்டருக்கு மூன்றிலிருந்து நான்கு யூனிட் செலவாகும். ஐந்து லட்சம் யூனிட் தினமும் அந்த ஒரு கேட்டுக்குள் போகிறது, கல்பாக்கத்து உலை ஒன்றின் உற்பத்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. தென்சென்னையின் குழாய்க்கு ராத்திரியும் தண்ணீர் வேண்டும், ஆலை ராத்திரியும் ஓடும். காற்றோ மே முதல் செப்டம்பர் வரைதான் நமக்குத் தாராளம். முப்பந்தலிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும் அப்போது காற்றாலைகள் பிய்த்துக்கொண்டு சுற்றும். மார்கழியில் போய்ப் பார்த்தால் பாதி சும்மா நிற்கும்.

ஆகவே தமிழ்நாட்டின் சிக்கல் இப்போது மாலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பகலில் நீ மாட்டிய பேனல் கிரிட்டுக்குக் கொடுத்த யூனிட்டை, வீட்டுக்காரர் ராத்திரி எடுத்த யூனிட்டில் கழித்துக் கொடுக்கிறது நெட் மீட்டர். அந்தக் கழித்தல் பில்லில் மட்டும். அவர் ஏசி ராத்திரி ஓடுவது வடசென்னையிலோ மேட்டூரிலோ அந்நேரம் எரிகிற நிலக்கரியில். பகல் மின்சாரத்தை மாலைக்குத் தள்ள நம்மிடம் இருக்கும் பெரிய ஏற்பாடு ஆனைமலையில் உள்ள 400 மெகாவாட் கடம்பாறை நீரேற்று நிலையம், அதுவும் எண்பதுகளில் கட்டியது. நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா திட்டத்தை வருஷக்கணக்கில் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பேனலுக்குக் காட்டிய அவசரத்தில் பாதியைச் சேமிப்புக்குக் காட்டியிருந்தால் இலக்கு இன்னும் நம்பும்படியாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இதில் உன் பங்கு என்ன? வீட்டுக்காரரிடம் நேரத்தைச் சொல்லிக்கொடு. போர் மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் காலை 11 முதல் 2 மணிக்குள் ஓடட்டும். ரிசார்ட் ஆர்டர் கிடைத்தால் முதலில் அவர்கள் லாண்டரி எப்போது ஓடுகிறது, நீச்சல் குளத்துப் பம்ப் எப்போது ஓடுகிறது என்று கேள். உயரழுத்த இணைப்பென்றால் பீக் ஹவரில் 25 சதவீதம் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருப்பார்கள். நேரத்தை மாற்றினாலே ஒரு பேனலும் வாங்காமல் காசு மிஞ்சும். அதைச் சொன்னால் ஆர்டர் குறையுமே என்பாய். குறையட்டும், அடுத்த ரிசார்ட்டுக்கு அந்த ரிசார்ட்காரரே உன்னை அனுப்புவார்.

எல்லா வீட்டுக்கும் விற்காதே. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கும் மாநிலம் இது. இருநூறு யூனிட் செலவழிக்கிற குடும்பத்துக்கு, 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மத்திய மானியம் வருகிறது என்று ஆசைகாட்டிக் கடனில் தள்ளுவது பாவம். இன்னொன்று: கரண்ட் போனால் சோலாரும் நிற்கும் என்பதை வாய்விட்டுச் சொல். கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனுக்கு உன் மாடியிலிருந்து ஷாக் போகக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே ஆஃப் ஆகிவிடும். பேட்டரி வைத்தால் கதை வேறு. புயலடித்து மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடக்கும்போது வீட்டம்மா இதை முதல்முறையாகத் தெரிந்துகொண்டால், உன் நம்பரை பிளாக் செய்துவிடுவார்.

அடுத்தது கடல். இங்கேதான் நம் பையன்கள் கோட்டை விடுகிறார்கள். 2022 டிசம்பர் 9ஆம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கமாகத்தான் கரை கடந்தது. அடுத்த வாரம் கோவளத்துக்கு அந்தண்டை ஒரு மாடியில் ஏறிப் பார்த்தேன். மாடியில் மிஞ்சிய பேனல்களில் கீறல்கூட இல்லை. ஓரத்து கிளாம்ப் நான்கும் துருவேறி, கையால் திருகினாலே பொடிப்பொடியாக உதிர்ந்தன. இரண்டு பேனல் பக்கத்து சவுக்குத் தோப்பில் கிடந்தன. மாட்டியவர் போட்டிருந்தது செங்கல்பட்டு டவுனுக்குள் போடுகிற அதே சாதாரண போல்ட். கடலோரத்துக்கு ஹாட் டிப் கால்வனைஸ் செய்த ஸ்ட்ரக்சரும் எஸ்.எஸ். 316 போல்ட்டும்தான். பேனல் வாங்கும்போது உப்புக்காற்றுச் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கு. அலுமினிய ஃபிரேம் இரும்பில் நேராக உட்கார்ந்தால் உப்பு ஈரத்தில் அரிப்பு பிடித்துவிடும். நடுவில் ரப்பர் வை. காய்ந்த மணலில் எர்த்திங் ஏமாற்றும், கோடையில் ஒருமுறை அளந்து பார். போர் தண்ணீரால் பேனலைக் கழுவச் சொல்லாதே, வெள்ளைப் படலம் படிந்து விளைச்சல் போய்விடும். நல்ல தண்ணீர், விடியற்காலை.

நிழலிலும் ஒரு சூட்சுமம் உண்டு. டிசம்பரில் சைட் பார்த்துவிட்டு, தெற்கே மரமில்லை என்று தலையாட்டிவிடுவார்கள். நம் அட்சரேகையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். வடபக்கத்துத் தண்ணீர்த் தொட்டியும் தென்னையும் அப்போது விளையாட்டுக் காட்டும். ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் மொத்த வரிசையும் படுக்க வாய்ப்புண்டு. மாமல்லபுரத்துக்குள் ஆர்டர் எடுத்தால், நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்ற தொல்லியல் துறைச் சட்டத்தையும் பார்த்துக்கொள். உயரமான ஸ்ட்ரக்சர் ஏற்றியபிறகு நோட்டீஸ் வந்தால் செலவு உன்னுடையது.

2004 டிசம்பர் 26 காலை கல்பாக்கத்தில் இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. சுனாமித் தண்ணீர் கடல்நீர்ப் பம்ப் அறைக்குள் ஏறியதும் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். சில நாளில் மறுபடி ஓட்டினார்கள். குடியிருப்பிலோ உயிர்கள் போயின. இந்தக் கரையில் எதைக் கட்டினாலும் கடல் உள்ளே வரும் நாளையும் சேர்த்தே யோசிக்கவேண்டும், அது 220 மெகாவாட்டாக இருந்தாலும் மூன்று கிலோவாட்டாக இருந்தாலும்.

நோட்டீஸை மாற்றி அடித்ததும் ஒரு பிரதி அனுப்பு. அதற்கு முன்னால் ஒரு வேலை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், நீ இதுவரை மாட்டிய மாடிகள் ஒவ்வொன்றிலும் ஸ்பானரோடு ஒருமுறை ஏறி போல்ட்டுகளை இறுக்கிவிட்டு வா. அதற்குக் காசு வாங்காதே.

அன்புடன்,
மின்வாரியத்தில் காலம் தள்ளிய உன் அண்ணன்