பாட்டரியின் கொள்ளளவை அறியும் முறை

நெல் விற்பவர் ‘நூறு மரக்கால்’ என்றால், எந்த மரக்கால் என்று கேளாத குடியானவர் இல்லை. பாட்டரி வாங்கும்போதும் அத்தகைய கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேளாவிடில் சங்கத்தின் பொதுப்பணம் விரயமாகும்.

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் காரைக்காலுக்குத் தெற்கே, நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையில் கரை கடந்தபின், டெல்டாக் கிராமங்கள் பலவற்றில் பல நாட்கள் மின்சாரமில்லை. அத்தகைய காலங்களில் பாட்டரி எவ்வளவு நேரம் உதவும் என்பதை முன்னதாகவே அறிந்திருப்பது அவசியம்.

கொள்ளளவைக் குறிப்பது ஆம்பியர்-மணி என்னும் அளவு. எடுக்கும் மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கினால் அது வரும். 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும் பாட்டரி 100 ஆம்பியர்-மணி உடையது. ஆனால் அதிலிருந்தே 20 ஆம்பியர் எடுத்தால் 5 மணி நேரம் கிடைக்கும் என்று எண்ணலாகாது. ஈயத் தகடும் கந்தக அமிலமும் கொண்ட பாட்டரியில் மின்சாரத்தை விரைந்து எடுக்குங்கால், அமிலம் தகட்டின் உட்புறம் சென்று சேர அவகாசமிராது. ஆகையால் அது 4 மணி நேரத்திற்குள்ளேயே ஓய்ந்துவிடக்கூடும். இவ்விதியை 1897-ம் வருஷத்தில் பாய்க்கர்ட் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி கணக்கிட்டுக் காட்டினார்.

இதனாலேயே பாட்டரியின் மீது ‘சி-20’ அல்லது ‘சி-10’ என்று குறிக்கப்படுகிறது. முன்னது 20 மணி நேரக் கணக்கு. பின்னது 10 மணி நேரக் கணக்கு. இருவர் ‘நூறு’ என்று ஒரே விலை கூறினால், சி-10 என்று குறித்ததே அதிகம் கொள்வது.

பழைய பாட்டரியைச் சோதிக்கும் முறை வருமாறு:

1. 12 வோல்ட் பாட்டரியில் முழுதும் மின்சாரம் ஏற்றிச் சில மணி நேரம் ஓய்வில் வைக்கவேண்டும்.

2. 12 வோல்ட், 60 வாட் மோட்டார் விளக்கு ஒன்றை இணைக்கவேண்டும். அது சுமார் 5 ஆம்பியர் எடுக்கும்.

3. மணிக்கொரு முறை ஆம்பியரையும் வோல்ட்டையும் குறிக்கவேண்டும். 10.5 வோல்ட்டுக்கு இறங்கியவுடன் விளக்கை நீக்கவேண்டும். அதற்குக் கீழே இறங்க விட்டால் தகடுகள் கெடும்.

4. சராசரி ஆம்பியரைச் சென்ற மணிகளால் பெருக்கவேண்டும். 5 ஆம்பியர் வீதம் 16 மணி நேரம் எரிந்தால் கொள்ளளவு 80 ஆம்பியர்-மணி.

சோதனை முடிந்ததும் தாமதமின்றி மீண்டும் மின்சாரம் ஏற்றவேண்டும். ஏற்றும்போது எரியும் வாயு வெளிப்படுமாதலால், காற்றோட்டமுள்ள இடமே ஏற்றது. அருகில் நெருப்பு கூடாது. 100 என்று வாங்கிய பாட்டரி 80-க்குக் கீழ் இறங்கினால், புயற்காலத்திற்கு முன்னரே மாற்றுவது உத்தமம்.

சங்கங்கள் விலைப்புள்ளி கேட்கும்போது ஆம்பியர்-மணியுடன் எத்தனை மணி நேரக் கணக்கு என்பதையும் எழுத்தில் பெறவேண்டும். வருஷாந்தர சோதனையின் முடிவைச் சங்கப் புஸ்தகத்தில் பதிந்துவரின், எந்தப் பாட்டரி தளர்கிறது என்பது அங்கத்தினர் யாவருக்கும் விளங்கும்.